கட்டைவிரல் திருடிய துளி

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கதை எழுத அது நல்ல காரணம் இல்லை என்று எனக்கே தெரியும்.

ஒன்றரை வருடமாக என் வலது கை வலிக்கிறது. துணி பிழிந்தால் வலி, பூட்டைத் திறந்தால் வலி, பேனாவைப் பிடித்தால் கேட்கவே வேண்டாம். டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனேன். லேபில் ஒரு பெண் எடுத்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊசி ஏறியதே தெரியவில்லை, அப்படி ஒரு கை. ஆனால் நிரம்பிய ட்யூபை ஸ்டாண்டில் வைக்கப் போனவள் அதை நழுவவிட்டாள். அது மேசைமேல் உருண்டது. விழுவதற்குள் இடது கையால் பிடித்துவிட்டு, வலது கையை இரண்டு தரம் உதறினாள், ஈரத்தை உதறுவதைப் போல.

"உனக்குமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இருக்கிறதுதான்மா" என்றாள். "பஞ்ச அழுத்திப் பிடிங்க."

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் தாள் வந்தது: நெகட்டிவ். டாக்டர் தாளைப் பார்த்தார், என் கையைப் பார்க்கவில்லை. "முடக்குவாதம் இல்லம்மா. வயசுதான்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். வலி இருக்கிறது, காரணம் இல்லை. காரணம் இல்லாத வலியைப் போல அவமானம் வேறில்லை. நாம் சொல்வது பொய் போலவே நமக்கும் கேட்க ஆரம்பித்துவிடும். அப்போதுதான் அந்த உருண்ட ட்யூப் ஞாபகத்துக்கு வந்தது. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

எனக்கு யாரும் கதை எழுதக் கற்றுத்தரவில்லை. சரியில்லாததைக் கிழித்துப் போட வேண்டும் என்பதையும் யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். பாருங்கள்.

முதல் ஆரம்பம்: "அந்த லேபில் வேலை பார்த்தவள் ஒரு சோம்பேறி." இதை எழுதி அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு அவள் ஊசி போட்ட விதம் நினைவுக்கு வந்தது. சோம்பேறிக்கு அந்தக் கை வராது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் ஆரம்பம்: "வலி என்பது அழைக்காமல் வந்த விருந்தாளி." இதை என் மருமகளுக்குப் படித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டாள். தங்கமான பெண், வாயைத் திறந்து குறை சொல்ல மாட்டாள். கொட்டாவியோடு சரி.

மூன்றாம் ஆரம்பம்: "காலையில் விழித்ததும் அவள் தன் வலது கையைத் தேடினாள். அது போர்வைக்கு அடியில் மரத்துப்போய், யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் போல—"

(*இனிமேலும் வாக்கியம் பாதியில் நின்றால் அதை அழகு என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கட்டு நிறுத்தச் சொல்கிறது, நிறுத்துகிறேன். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் என்கிறான் என் மகன். வாயால் சொல்லும்போது எனக்குப் பொய் மிக லேசாக வருகிறது. வலித்தால் கொஞ்சம் யோசித்துப் பொய் சொல்வேன்.*)

மூன்றாவதையே வைத்துக்கொள்வோம்.

3

அவள் தன் வலது கையைத் தேடினாள். இடது கையால் அதை எடுத்து வயிற்றின்மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மூன்றும் மரத்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் எதுவும் நடக்காதது போல இருந்தது. விரல் முட்டிகளில் காலை இறுக்கம். குளிக்கும்போது விடவில்லை, தலை வாரும்போது விடவில்லை. முன்பெல்லாம் பல் விளக்குவதற்குள் விட்டுவிடும்.

அவள் இருந்தது ஆறு மாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ரத்தக்காரி. அவள் படியேறினால் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். அவளும் சும்மா போக மாட்டாள். "நாளைக்கு உன் முறைடா" என்று ஒருத்தனையாவது அலறவிட்டுத்தான் போவாள்.

புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அன்று காலை ஜாம் பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.

"என்னங்க, இதக் கொஞ்சம் திறந்து குடுங்க."

"ஊரு ரத்தத்தையெல்லாம் எடுக்குற கை. ஒரு மூடியத் திறக்க முடியலையா?"

"மூடிக்கு நரம்பு இல்லையே. இருந்தா ஒரே குத்துல எடுத்திருப்பேன்."

சிரித்துக்கொண்டே திறந்தான். திறந்த பிறகு சிரிப்பு நின்றது. "எத்தன நாளா இது?"

"நேத்துலேர்ந்து."

"பொய்யி. போன மாசம் சட்டைப் பட்டன என்னையப் போட்டுவிடச் சொன்ன. நான்கூட வேற என்னவோன்னு நினைச்சேன்."

"நினைப்புதான்."

"இங்க பாரு. ஒரு லிஃப்ட்ல கயிறு லேசா முனகுச்சுன்னாலே நான் அன்னைக்கே நிறுத்திடுவேன். ஆளு ஏத்த மாட்டேன்."

"நான் லிஃப்ட் இல்ல. நகருங்க, நேரமாச்சு."

[இவனைக் கெட்டவனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். குடித்துவிட்டு வந்து அவள் கையை முறுக்கினான் என்று ஒரு வரி போட்டால் வலிக்குக் காரணம் கிடைத்துவிடும், கதையும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். பாட்டிலைக் கையில் கொடுத்தேன், திறந்து தந்துவிட்டான். நான் என்ன செய்ய?]

4

ஒரு கை வலிக்க எத்தனை காரணம் இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு காத்திருப்பு நாற்காலியிலும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பொறுக்கியதுதான்.

மணிக்கட்டுக்குள் ஒரு சின்னச் சுரங்கம் இருக்கிறது. அதன் வழியாக ஒரு நரம்பு உள்ளங்கைக்குப் போகிறது. சுரங்கம் வீங்கினால் நரம்பு நசுங்கும். அப்போது கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும், கையை உதறினால் கொஞ்சம் விடும். கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்களுக்கு ஓர் உறை உண்டு. ஒரே அசைவை ஓயாமல் செய்தால் அந்த உறை தடித்துக்கொள்ளும். கட்டைவிரலின் அடி மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசலாம். எப்போதோ விழுந்தபோது உடைந்த ஒரு சின்ன எலும்பு, யாரும் கவனிக்காமல் கூடாமலே கிடக்கலாம். கழுத்தில் நசுங்கிய நரம்பு கையில் வந்து அழலாம். சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வயிற்றில் பிள்ளை இருக்கும் பெண்ணுக்கு நீர் கோத்ததாகவும் இருக்கலாம். கடைசியாக, உடம்பு தன் மூட்டுகளைத் தானே எதிரி என்று நினைத்துத் தின்ன ஆரம்பித்திருக்கலாம். அதுதான் முடக்குவாதம். இரண்டு கையிலும் வரும், காலையில் இறுக்கும், சீக்கிரம் பிடித்தால் நிறுத்தி வைக்கலாம். விட்டால், தின்றது தின்றதுதான்.

ரத்தக்காரிக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். தினமும் டாக்டர்களின் சீட்டைப் படிக்கிறவள். அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். உயிர் போய்த் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்குப் பாதி நிம்மதி. சரி, உறைதான் தடித்திருக்கிறது. வேலையால் வந்தது. பட்டை கட்டினால் போய்விடும்.

அப்படியானால் மூன்று விரல் ஏன் மரக்கிறது? அது நரம்பு, அதுவும் வேலையால் வந்ததுதான். அப்படியானால் காலை இறுக்கம்? இடது கை விரல் முட்டியிலும் லேசாக வீக்கம் தெரிகிறதே, அது? அதற்கு அவள் பதில் தேடவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். ஒரு வலிக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, கண்ணுகளா. இரண்டு மூன்று காரணங்கள் ஒரே கையில் சேர்ந்து குடித்தனம் நடத்தும். அவளுக்கும் அது தெரியும். இருப்பவற்றில் பயம் குறைந்த காரணத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

5

இப்போது அவள் வேலையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கதை இதில்தான் இருக்கிறது.

ரத்தம் எடுப்பது காலையில் இரண்டு மணி நேரம்தான். மீதிப் பொழுதெல்லாம் அவள் கையில் இருப்பது பிப்பெட். தடித்த பேனாவைப் போல இருக்கும், தலையில் ஒரு பொத்தான். கட்டைவிரலால் அமுக்கினால் ஓர் இடத்தில் தட்டும், அது முதல் படி. அங்கே விட்டால் கேட்ட அளவு நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே விடும்போது முதல் படி போதாது. அதையும் தாண்டி, இன்னும் பலமாக, இரண்டாம் படிவரை அமுக்க வேண்டும். அப்போதுதான் முனையில் ஒட்டியிருக்கும் கடைசித் துளியும் வெளியே வரும். அமுக்கு, விடு, அமுக்கு, இன்னும் அமுக்கு. ஒரு நாளைக்கு எழுநூறு தடவை. பன்னிரண்டு வருடம்.

பெரிய சோதனைகளுக்கு அந்த லேபில் இயந்திரம் உண்டு. அவள் அமுக்குவதில் பெரும்பகுதி அதன் குப்பிகளை நிரப்பத்தான், அங்கே அளவை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். முடக்குவாதச் சோதனை மட்டும் இன்னும் கைவேலை. ரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்கும் நீர்தான் சீரம். அதில் குறித்த அளவு எடுத்து ஒரு கறுப்பு அட்டையின் வட்டத்துக்குள் விட வேண்டும். அதன்மேல் பால் போன்ற மருந்து ஒரு சொட்டு. கலக்கி, அட்டையை இரண்டு நிமிடம் இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். பால் திரிந்தால் நோயின் அடையாளம் இருக்கிறது. திரியாவிட்டால் இல்லை.

(*நோய் இருந்தும் திரியாதவர்கள் உண்டு, நோய் இல்லாமலே திரிகிறவர்களும் உண்டு. அதனால் நல்ல டாக்டர் அட்டையை மட்டும் நம்ப மாட்டார், கையையும் தொட்டுப் பார்ப்பார். வாசலில் நாற்பது பேர் நிற்கும்போது நல்ல டாக்டருக்கும் தாள்தான் சுலபம்.*)

தினமும் காலையில் இரண்டு வட்டங்களில் சோதனைக்கே சோதனை நடக்கும். கட்டாயம் திரியக்கூடியது ஒன்று, திரியவே திரியாதது ஒன்று. அவை சொட்டுப் புட்டியில் வருபவை. பிப்பெட் தேவையில்லை. அதனால் அந்த இரண்டு வட்டங்களும் எல்லா நாளும் சரியாகவே இருந்தன.

லேபின் பொறுப்பாளரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அன்று அவர் கண்ணில் மணிக்கட்டுப் பட்டை பட்டுவிட்டது.

"என்னடி கையில கட்டு?"

"சுளுக்கு, பெரியக்கா. பக்கெட்டத் தூக்கினேன்."

"பாத்துடி. உன் கைய நம்பித்தான் நான் பாக்காமக் கையெழுத்துப் போடுறேன். மத்ததுங்க போடுற அட்டைக்கெல்லாம் கண்ணாடியத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டுப் பாக்குறேன், தெரியுமில்ல?"

"எனக்கும் மாட்டிக்கிட்டுப் பாருங்க, வேணாங்கல."

"போடி. இந்தக் கண்ணு இன்னும் கொஞ்ச நாள் உழைக்கணும். உன்கிட்டயும் செலவழிச்சா முடிஞ்சுபோயிடும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வரப்போவது எனக்கு முன்னாலேயே தெரியும்.

6

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் தன் ரத்தத்தைத் தானே எடுத்தாள். இடது முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டினாள். ட்யூபில் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டாள். சுழற்றினாள். சீரத்தை எடுத்தாள். அட்டையில் விட்டாள். மருந்துச் சொட்டு. இரண்டு நிமிடம்.

பால் பாலாகவே இருந்தது.

"அப்பாடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். வேலையால் வந்த வலிதான். ஒரு மாதம் லீவு போட்டால் போய்விடும். சாப்பிடப் போகலாம் என்று பிப்பெட்டின் முனையைக் கழற்றிக் குப்பையில் போடப் போனாள். பிளாஸ்டிக் முனை வெளிச்சத்தில் பளிச்சென்றது. உள்ளே ஒரு துளி உட்கார்ந்திருந்தது.

அது அங்கே இருக்கக் கூடாத துளி. இரண்டாம் படிவரை அமுக்கியிருந்தால் வெளியே போயிருக்கும். அமுக்கினோமே என்று நினைத்தாள். புது முனை மாட்டிக்கொண்டு வெறுமனே அமுக்கிப் பார்த்தாள். முதல் படி. அதற்குப் பிறகு, வலி தொடங்கும் இடத்துக்கு ஒரு நூல் முன்னால், கட்டைவிரல் தானாகவே நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. விரல் நிறுத்தியது. எத்தனை காலமாக அவளுக்குத் தெரியாமல் நிறுத்திக்கொண்டிருந்ததோ. ஒவ்வொரு தடவையும் ஒரு துளியைத் திருடி வைத்துக்கொண்டு, கொடுத்துவிட்டேன் என்று அவளுக்குக் கணக்குக் காட்டியிருக்கிறது.

பிப்பெட்டை இடது கைக்கு மாற்றினாள். அந்தக் கைக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் அடிவரை அமுக்கினாள். பக்கத்து வட்டம். மருந்து. சாய்த்தாள். ஒரு நிமிடம் தாண்டியதும் பாலில் பொடிப்பொடியாக மணல் தெரிந்தது. ஓரத்தில் திரிந்து ஒதுங்கியது.

ஒரே ரத்தம். வலது கை இல்லை என்றது, இடது கை உண்டு என்றது.

[இங்கே நான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். பழக்கமில்லாத இடது கை அதிகமாக விட்டிருக்கக் கூடாதா? கூடும். அப்படி எழுதினால் அவள் தப்பித்துவிடுவாள். எனக்கும் ஆசைதான், அதற்குள் அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொருள் ஒவ்வொரு லேபிலும் இருக்கிறதே.]

மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நுண்தராசு இருந்தது. பிப்பெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீரை விட்டு எடை போடுவார்கள். கருவியைத்தான் அதில் நிறுப்பார்கள், கையை யாரும் நிறுத்ததில்லை. அவள் நிறுத்தாள். இடது கையால் பத்துத் தடவை தண்ணீர் விட்டாள். ஐநூறு மில்லிகிராம் காட்ட வேண்டிய இடத்தில் நானூற்றுத் தொண்ணூற்று நான்கு. வலது கையால் பத்துத் தடவை விட்டாள்.

முந்நூற்று எழுபது.

7

தனக்கு நோய் இருக்கிறது என்பதில் அவள் நின்றது ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த நிமிடமே பதிவேடு இருந்த அலமாரிக்குப் போனாள். நான் சோம்பேறி என்று எழுதி அடித்தேனே, அதற்கு இந்த இடத்தில் ஒரு தடவை வெட்கப்பட்டேன்.

எந்த நாளில் தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. மூடி திறக்க முடியாமல் போன முதல் நாளா? பட்டன் போட முடியாமல் போன நாளா? அதற்கும் முன்னாலா? எட்டு மாதம் என்று வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள். தன் கையெழுத்தில் நூற்றுப் பன்னிரண்டு நெகட்டிவ். அவற்றில் பெரும்பாலானவை உண்மையாகவே நெகட்டிவாகத்தான் இருக்கும். பலமாக இருக்கும் நோய் துளி குறைந்தாலும் திரிந்து காட்டிவிடும். தப்பியிருப்பவை, நூலிழையில் நின்றவை மட்டும்தான். ஐந்தா, பதினைந்தா? எந்த ஐந்து? சீரத்தை ஏழு நாள்தான் வைத்திருப்பார்கள், பிறகு கொட்டிவிடுவார்கள். தெரிந்துகொள்ள ஒரே வழி, நூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, "நான் எடுத்தது நம்பக்கூடியதில்லை, கையை நீட்டுங்கள்" என்று சொல்வதுதான்.

சொன்னால் அன்றோடு அவளுக்கு அந்த மேசை இல்லை. கட்டைவிரல் போனவளுக்கு லேபில் என்ன வேலை? ஒவ்வொரு தாளின் அடியிலும் பெரியக்காவின் கையெழுத்து வேறு, கண்ணாடி மாட்டாமல் போட்டது. சொல்லாவிட்டால், எங்கேயோ ஐந்து பேருக்கோ பதினைந்து பேருக்கோ மூட்டுகள் அமைதியாகத் தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். அவர்களிடம் ஒரு தாள் இருக்கும், இல்லை என்று.

நூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தி கிழவி. கதை எழுதுகிறவள்.

(*இதை நான் மறைக்கவே கூடாது. நிஜத்தில் அந்தப் பெண் எந்தத் தவறும் செய்யாதவளாக இருக்கலாம். ட்யூப் வெறுமனே வழுக்கியிருக்கலாம். என் வலிக்குக் காரணம் உண்மையிலேயே வயதாக இருக்கலாம். எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அதற்காக, எனக்கு வலிக்காமல் ஊசி போட்ட ஒருத்தியின் தலையில் நூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றி வைத்திருக்கிறேன். இதுவும் ஒரு திருட்டுதான். திட்டுவதானால் இங்கே நிறுத்தித் திட்டிவிட்டு மேலே படியுங்கள்.*)

8

முடிவு எழுதிப் பார்த்தேன். பார்த்ததையெல்லாம் வைக்கிறேன்.

அ. அவள் இரண்டு வட்டமும் உள்ள அட்டையை எடுத்துக்கொண்டு நேராகப் பெரியக்காவிடம் போகிறாள். பெரியக்கா கண்ணாடியை மாட்டுகிறார், பார்க்கிறார், எழுந்து அவளைக் கட்டிக்கொள்கிறார். அன்று மாலையே எல்லோருக்கும் போன் போகிறது. சிலர் திட்டுகிறார்கள், எல்லோரும் வருகிறார்கள். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது யாருக்கோ எழுதிய வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது.

ஆ. அவள் போகிறாள், காட்டுகிறாள். பெரியக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருகிறார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

"இன்னைலேர்ந்து இந்த டெஸ்ட்ட மட்டும் வேற பொண்ணு யாராவது போடட்டும். நீ பதிவேடு எழுது. கைக்கு வைத்தியம் பாத்துக்கோ, நான் லீவு தரேன்."

"பழசு, பெரியக்கா?"

"பழசுல என் கையெழுத்து இருக்குடி. நீ ஒருத்தி மட்டும் இல்ல அதுல."

இது நடக்கும். இதை நம்ப எனக்குச் சிரமமே இல்லை. அதனால்தான் பிடிக்கவில்லை.

இ. அவள் யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு வீடாகத் தானே தேடிப் போய்—

மணிக்கட்டு நிறுத்திவிட்டது. அதற்கும் இதில் நம்பிக்கையில்லை போலிருக்கிறது.

அப்போதுதான் புரிந்தது. மூன்றிலும் அவள் யோசித்து, நேரம் எடுத்துக்கொண்டு, தானாகத் தேர்ந்தெடுக்கிறாள். அவ்வளவு நேரத்தை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்? பதிவேடு இன்னும் திறந்தே கிடக்கிறது, சாப்பிடப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள், பெரியக்கா பக்கத்து மேசையில் அன்றைய தாள்களுக்குக் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். வாசலில் ஒரு ஆள் வருகிறது.

9

வந்தவள் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவள். ஐம்பது வயது, இருபது வருடம் மாவோடு மல்லுக்கட்டிய தோள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுக்க, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அதைப் பொத்தித் தூக்கினாள். விரல் முட்டிகள் வீங்கிப் பளபளத்தன. ஒரு விரல் பக்கவாட்டில் சாய ஆரம்பித்திருந்தது.

"என்ன ஞாபகம் இருக்கா கண்ணு? ஏழு மாசம் ஆச்சு. நீதான் எடுத்த. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"இருக்குக்கா." இல்லை. ஆனால் தாளின் எண்ணைப் பார்த்ததும், பதிவேட்டின் எந்தப் பக்கம் என்று தெரிந்தது.

"அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சுல்ல. நானும் நம்பிட்டேன். முதலாளிகிட்டக் காட்டினேன். தாளே சொல்லுது, அப்புறம் என்ன நடிப்புன்னுட்டான். வீட்டுல எம் பொண்ணும் அதத்தான் சொல்றா, நேராச் சொல்லல, சுத்தி வளச்சு. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு கண்ணு. நிஜமாவே வலிக்குதா, இல்ல நம்ம மனசு வேலைக்குப் போகாம இருக்கறதுக்கு நாடகம் போடுதான்னு. வலியோடயே பிசைஞ்சேன். முந்தியெல்லாம் நான் மாவப் பிசைவேன். இப்ப மாவு என்னையப் பிசையுது." அவளே சிரித்தாள்.

ரத்தக்காரி அந்தச் சாயும் விரலையே பார்த்தாள்.

"நேத்து வேற டாக்டருகிட்டப் போனேன். மறுபடியும் ரத்தம் பாக்கணும்னாரு. நான்தான் சண்ட போட்டேன். எதுக்கு, ஏற்கெனவே பாத்தாச்சே, அந்தப் பொண்ணு தப்புப் பண்ற பொண்ணு இல்லன்னேன். அவரு கேக்கல. சரின்னு உன்கிட்டயே கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் அந்த டாக்டரு பக்கமே போகல. அன்னைக்குப் பாத்தது சரிதானே?"

பக்கத்து மேசையில் பேனாவின் சத்தம் நின்றது. பெரியக்கா நிமிர்ந்து பார்த்தார்.

ரத்தக்காரி வாயைத் திறந்தாள்.

இங்கே நான் கையை எடுத்துக்கொள்கிறேன், கண்ணுகளா. வலியால் இல்லை, இன்றைக்கு ஓரளவு பரவாயில்லை. அந்த வரியை நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் அவளை "சரியில்லக்கா" என்று சொல்ல வைத்தேன், நாலு தடவையும் எழுதும்போது எனக்குள் ஒரு குளுமை. அந்தக் குளுமை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அப்படிச் சொன்னால் என் தாளும் பொய்யாகும். என் வலிக்கு ஒரு பெயர் வரும். என் வீட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். இவ்வளவு லாபம் உள்ளவள் அந்தப் பெண்ணின் வாயில் வார்த்தையை வைக்கக் கூடாது. அவளுக்காகப் பதில் சொல்லும் உரிமை, கை வலிக்காத யாருக்காவதுதான் இருக்க வேண்டும். உங்களுக்குக் கை நன்றாக இருக்கிறதா? மூடி திறக்க முடிகிறதா? அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள், எந்தப் பதிலாக இருந்தாலும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பேக்கரிக்காரம்மா நின்றுகொண்டிருக்கிறாள். பக்கத்தில் நாற்காலி இருக்கிறது. உட்கார்ந்தால் கையை ஊன்றி எழ முடியாது என்று உட்காரவில்லை. அவளை அதிக நேரம் நிற்க வைக்காதீர்கள்.